கம்பைலர் கட்டுவதற்கு ஒரு கம்பைலர்



நியாயமான ஒரு கேள்வியை முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடுகிறேன். உபுண்டுவில் ஒரு வரி அடித்தால் இரண்டு நிமிடத்தில் கம்பைலர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அப்படியிருக்க, அதைச் சோர்ஸ் கோடிலிருந்து நாமே கட்டி நிறுவுவதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. சிஸ்டத்தோடு வரும் கம்பைலரே அவர்களுக்குப் போதும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பல துறைகள் பகிர்ந்துகொள்ளும் பெரிய சர்வர். அதில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7. அதற்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. ஆனாலும் முடிந்ததாக யாரும் அதனிடம் சொல்லவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அதோடு வந்த ஜிசிசி கம்பைலரின் பதிப்பு 4.8.5. ஆய்வு மாணவி ஒருவரிடம் இருப்பதோ வானிலைக் கணிப்பு நிரல். கணக்குப் பகுதி ஃபோர்ட்ரானில், கோப்புகளைக் கையாளும் பகுதி சி-யில், புதிதாகச் சேர்ந்த பகுதி சி பிளஸ் பிளஸின் 2017 தரத்தில். மூன்றாவது பகுதியைப் பார்த்ததும் பழைய கம்பைலர் கையை விரித்துவிடும். அவருக்கு ரூட் அனுமதி கிடையாது. அட்மினிடம் கேட்டால், "இதை மாற்றினால் மற்றவர்கள் வேலை கெட்டுப்போகும்" என்பார். அவர் சொல்வதும் சரிதான். ஆக, அந்த மாணவி தன் ஹோம் டைரக்டரிக்குள்ளேயே மூன்று மொழிகளுக்குமாக ஒரு புது ஜிசிசியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நாமும் பார்ப்போம். எந்தக் கம்பைலரும் வெறும் சோர்ஸிலிருந்து பிறப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் தாய் ஒன்று உண்டு என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. ரெடிமேடாக நிறுவும்போது அந்தத் தாய் நம் கண்ணில் படுவதே இல்லை.

முதலில் ஜிசிசியின் கதை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தி, திருத்தி, பகிர்ந்துகொள்ளக்கூடிய முழு இயங்குதளம் ஒன்றை உருவாக்குவது நோக்கம். அதற்கு முதல் தேவை ஒரு கம்பைலர். ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரீ யுனிவர்சிட்டியில் அப்படி ஒன்று இருந்தது. பல மொழிகளையும் பல இயந்திரங்களையும் தாங்குவது. அதைப் பயன்படுத்தலாமா என்று எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகம்தான் ஃப்ரீ, கம்பைலர் அப்படி அல்ல என்று கிண்டலாகப் பதில் வந்தது. அடுத்து லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தின் பாஸ்டல் கம்பைலரைக் கையில் எடுத்தார். சி மொழியைப் படிக்கும் பகுதியைத் தானே எழுதி அதோடு சேர்த்து, மோட்டரோலா 68000 கணினியில் ஓட்டப் பார்த்தார். அந்தக் கம்பைலர் பல எம்பி ஸ்டேக் இடம் கேட்டது. அன்றைய 68000 யூனிக்ஸ் கொடுப்பது 64 கேபி. உள்ளீட்டுக் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, கடைசிவரை எதையும் விடுவிக்காத வடிவமைப்பு அது. அதை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். தான் எழுதியிருந்த சி முன்பகுதியை மட்டும் கூடவே எடுத்துக்கொண்டார். 1987 மார்ச் 22 அன்று சோதனைப் பதிப்பு வெளிவந்தது. அப்போது ஜிசிசி என்றால் க்னூ சி கம்பைலர், ஒரே மொழி.

மற்ற மொழிகள் வந்து சேர்ந்த விதம்தான் சுவையானது. எம்சிசி என்ற தொழிற்கூட்டமைப்பில் வேலை பார்த்த மைக்கேல் டீமன் அதே ஆண்டு டிசம்பரில் சி பிளஸ் பிளஸைச் சேர்த்தார். ஆப்ஜெக்டிவ்-சி வந்த வழி வேறு. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் அந்த மொழிக்கான முன்பகுதியை ஜிசிசி மேல் எழுதியது; சோர்ஸைக் கொடுக்க மனமில்லை. ஆப்ஜெக்ட் கோப்புகளை மட்டும் தருகிறோம், வாங்குபவர் ஜிசிசியோடு இணைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு குறுக்குவழி யோசித்தது. ஜிபிஎல் உரிமம் அதை அனுமதிக்காது என்றார் ஸ்டால்மன் தரப்பு வழக்கறிஞர். நெக்ஸ்ட் இறங்கி வந்தது; சோர்ஸ் வெளியே வந்தது. பின்னாளில் மேக்கிலும் ஐபோனிலும் பல ஆண்டுகள் ஆட்சி செய்த மொழி இது. அமெரிக்க விமானப்படையின் பணத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய வேலை, அடா மொழியைக் கொண்டுவந்தது. 1997இல் ஒரு பிளவு. அதிகாரப்பூர்வ ஜிசிசி மெத்தனமாக நகர்கிறது, ஃபோர்ட்ரான் முதலான வேலைகள் வெளியிலேயே காத்துக் கிடக்கின்றன என்று சலித்துப்போனவர்கள் ஈஜிசிஎஸ் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனார்கள். பெயரை 'எக்ஸ்' என்று, முட்டைகள் என்கிற மாதிரி உச்சரிப்பார்கள். இரண்டே ஆண்டில் தனிக்குடித்தனமே பெரிய வீடாகிவிட்டது; 1999இல் அதுவே அதிகாரப்பூர்வ ஜிசிசி ஆனது. கம்பைலர் என்ற சொல்லோடு 'கலெக்ஷன்' சேர்ந்ததும் அப்போதுதான்.

வந்த மொழி எல்லாம் தங்கிவிடவும் இல்லை. ஜாவாவுக்கான ஜிசிஜே, 2017இல் வந்த 7ஆம் பதிப்போடு வெளியேற்றப்பட்டது, கவனிக்க ஆளில்லை. மறுபக்கம், 2025 ஏப்ரலில் வந்த 15ஆம் பதிப்பில் கோபால் மொழி சேர்ந்திருக்கிறது. 1960இன் மொழி! வங்கிகள் இருக்கும்வரை கோபாலும் இருக்கும் என்று சொல்வார்கள்; கிண்டல் பாதி, உண்மை பாதி.

இத்தனை மொழிகளை ஒரே கூரையின்கீழ் வைப்பதில் என்ன லாபம்? எட்டு மொழிகள், இருபது வகை ப்ராசசர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எழுதினால் 160 கம்பைலர்கள் வேண்டும். எல்லா மொழிகளையும் ஒரு பொதுவான இடைவடிவத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒவ்வொரு ப்ராசசருக்கும் பிரித்தால் 8 முன்பகுதி, 20 பின்பகுதி, மொத்தம் 28 வேலை. இந்த எண்ணம் 1958இலேயே அன்கால் என்ற பெயரில் பேசப்பட்டது, பேச்சோடு நின்றது. ஜிசிசியில் அது நடைமுறைக்கு வந்தது. குறிப்பாக 2005இல் வந்த 4.0 பதிப்பில் ஜிம்பிள் என்ற இடைவடிவம் நுழைந்தபிறகு, சுருக்கி வேகமாக்கும் வேலைகளில் பெரும்பகுதி மொழியையும் ப்ராசசரையும் பற்றிக் கவலைப்படாமல் நடுவிலேயே நடக்கிறது. நம்ம ஊர் எடுத்துக்காட்டே இருக்கிறது. சென்னை ஐஐடி வடிவமைத்த சக்தி ப்ராசசர், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. ரிஸ்க்-ஃபைவுக்கான பின்பகுதி 2017இல் ஜிசிசிக்குள் வந்தது. அந்த ஒரு பின்பகுதி வந்ததும் சி, சி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரான் எல்லாவற்றுக்கும் அந்த வகை ப்ராசசருக்கான கதவு திறந்துவிட்டது. மொழிக்கு ஒரு கம்பைலர் என்று யாரும் சென்னையில் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கவில்லை.

இந்த அமைப்பு நிறுவிய டைரக்டரியிலேயே தெரியும். நாம் டெர்மினலில் கூப்பிடும் ஜிசிசி என்ற கமாண்ட் உண்மையில் ஒரு மேஸ்திரி மட்டும்தான். கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்து, சரியான ஆளைக் கூப்பிடும். சி கோப்பு என்றால் சிசி1 என்ற நிரல். சி பிளஸ் பிளஸ் என்றால் சிசி1பிளஸ். அடாவுக்கு க்நாட்1. ஃபோர்ட்ரானுக்கு எஃப்951, ஃபோர்ட்ரான் 95 தரத்தின் நினைவாக அந்த எண். பிறகு அசெம்ப்ளர், பிறகு லிங்கர். மொழியைச் சேர்ப்பது என்றால் இந்த ஆட்களில் ஒருவரைச் சேர்ப்பது, கூடவே அவருடைய மூட்டையையும் சேர்ப்பது. மூட்டை என்றது அந்த மொழியின் ரன்டைம் நூலகத்தை. சி பிளஸ் பிளஸுக்கு லிப்எஸ்டிடிசி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரானுக்கு லிப்ஜிஃபோர்ட்ரான், டி மொழிக்கு ஃபோபோஸ். டி மொழியை வால்டர் பிரைட் முதலில் மார்ஸ் என்றுதான் அழைத்தார். செவ்வாயின் நிலவு ஃபோபோஸ் நூலகத்தின் பெயராகத் தங்கிவிட்டது. உள்ளே இன்னும் ஆழமாக இறங்க ஆசைப்படுபவர்களுக்கு, மும்பை ஐஐடியில் பேராசிரியர் உதய் கேட்கர் நடத்திய ஜிசிசி பயிலரங்குகளின் பாடங்கள் நல்ல தொடக்கம்.

சரி, மாணவியிடம் வருவோம். 14ஆம் பதிப்பின் சோர்ஸைத் தரவிறக்குகிறார். சுருக்கிய கோப்பு 90 எம்பி சுமார்; விரித்தால் ஒரு கோடி வரிகளுக்கு மேல். அதற்குள் கான்ட்ரிப் என்ற டைரக்டரியில், முன்தேவைகளைக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டினால் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி, ஐஎஸ்எல் முதலான நூலகங்கள் வந்து இறங்கும். கம்பைலருக்கு எதற்குக் கணித நூலகம் என்று தோன்றலாம். நிரலில் சைன் 1.0 என்று ஒரு மாறிலி இருந்தால், அதை ஓடும்போது கணக்கிடாமல் கம்பைல் செய்யும்போதே கணக்கிட்டு எண்ணாக எழுதிவிடும் ஜிசிசி. எந்தக் கணினியில் கட்டினாலும் அந்த எண் கடைசி பிட் வரை ஒன்றாக வர வேண்டும். அந்தந்த ஊர்க் கணித நூலகத்தை நம்பினால் வராது, அதற்குத்தான் எம்பிஎஃப்ஆர்.

அடுத்த படியில் பலர் வழுக்குவதுண்டு. சோர்ஸ் டைரக்டரிக்குள்ளேயே கட்டத் தொடங்குவார்கள். கூடாது. பக்கத்தில் காலியாக ஒரு டைரக்டரி திறந்து, அங்கிருந்தபடி சோர்ஸில் இருக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டைக் கூப்பிட வேண்டும். தப்பிப்போனால் அந்த டைரக்டரியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், சோர்ஸ் அழுக்காகாமல் இருக்கும். கான்ஃபிகருக்கு மூன்று விஷயம் சொன்னால் போதும். ப்ரிஃபிக்ஸ்: எங்கே நிறுவுவது. சொல்லாவிட்டால் யூஎஸ்ஆர் லோக்கலுக்குப் போகும். மாணவிக்கு அங்கே எழுத அனுமதி இல்லை, ஆகவே ஹோம் டைரக்டரியில் ஓர் இடம். எனேபிள்-லாங்குவேஜஸ்: எந்தெந்த மொழிகள். கமா போட்டு சி, சி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரான்; கமாவுக்குப் பின் இடைவெளி விடக்கூடாது. மூன்றாவது, டிசேபிள்-மல்டிலிப்.

இந்த மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. 64 பிட் லினக்ஸில் ஜிசிசி இயல்பாகவே 32 பிட் நூலகங்களையும் சேர்த்துக் கட்டப் பார்க்கும். அதற்கு 32 பிட் ஹெடர் கோப்புகள் வேண்டும். சர்வரில் அவை இருக்காது. 32 பிட் நூலகங்களும் ஹெடர்களும் இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கான்ஃபிகர் தொடக்கத்திலேயே நின்றுவிடும். புதிதாகக் கட்டுபவர் சந்திக்கும் முதல் பிழை பெரும்பாலும் இதுதான். 32 பிட் நிரல் தேவையில்லை என்றால் இந்த ஒரு சொல்லால் அந்தப் பேச்சையே எடுத்துவிடலாம்.

பிறகு மேக் என்ற கமாண்ட். இங்கேதான் நம் கதையின் மையம்.

ஜிசிசி சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது. ஆக அதைக் கட்ட, ஏற்கெனவே ஓடுகிற சி பிளஸ் பிளஸ் கம்பைலர் ஒன்று வேண்டும். பால் எவ்வளவு இருந்தாலும் உறைமோர் ஒரு கரண்டி இல்லாமல் தயிராகாது. அது பக்கத்து வீட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். மாணவியின் சர்வரில் இருக்கும் பழைய 4.8.5தான் அந்த உறைமோர். ஆனால் அதைக் கொண்டு புது ஜிசிசியை ஒருமுறை கட்டிவிட்டு முடித்துக்கொள்வதில்லை. மூன்று முறை கட்டுகிறது.

முதல் கட்டத்தில் பழைய கம்பைலர் புது ஜிசிசியின் சோர்ஸைக் கட்டுகிறது. அவசரத்துக்குக் கட்டுவது, வேகமாக்கும் வேலை எதுவும் இல்லை, முக்கியமான மொழிகள் மட்டும். கிடைக்கும் கம்பைலர் புதிய அறிவு உடையது, ஆனால் அதன் உடம்பு பழைய கம்பைலரால் ஆனது. இரண்டாம் கட்டத்தில் இந்தப் பிள்ளை அதே சோர்ஸை மறுபடி கட்டுகிறது. இப்போது கிடைப்பதற்கு அறிவும் உடம்பும் புதிது. மூன்றாம் கட்டத்தில் இரண்டாவது, அதே சோர்ஸை இன்னொரு முறை கட்டுகிறது. எதற்கு? முதலாவதும் இரண்டாவதும் உடம்பில் வேறு. ஆனால் ஒரே சோர்ஸின் பிள்ளைகள். ஆகவே ஒரே நிரலைக் கொடுத்தால் இரண்டும் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். முதலாவது கட்டியது இரண்டாவதை. இரண்டாவது கட்டியது மூன்றாவதை. எனவே இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் பூட்ஸ்ட்ராப் கம்பாரிசன் ஃபெயிலியர் என்ற செய்தியோடு மேக் நின்றுவிடும். பழைய கம்பைலரில் பிழை இருக்கலாம், புதியதில் இருக்கலாம், கணினியின் நினைவகச் சில்லு கெட்டுப்போயிருக்கலாம். எதுவானாலும் நிறுவுவதற்கு முன்பே பிடிபடும்.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. இரண்டாம் கட்டத்தை டீபக் தகவல் இல்லாமலும், மூன்றாம் கட்டத்தை அந்தத் தகவலோடும் கட்டிவிட்டு, பிறகு தகவலை உரித்துவிட்டு ஒப்பிடுவார்கள். டீபக் செய்யக் கேட்டதால் நிரலே மாறிப்போகவில்லை என்பதும் அதே சோதனையில் உறுதியாகிவிடும். எழுதியவர்கள் தங்களையே நம்பாமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் குணம் பிடிக்கும்.

நடைமுறைக் கஷ்டம் ஒன்று. வேகமாக முடியட்டும் என்று, இருக்கிற எல்லா கோர்களையும் முடுக்கி மேக்கை ஓட்டுவார்கள். ப்ராசசரின் கட்டளைகளை விவரிக்கும் கோப்புகளிலிருந்து, கட்டும்போதே இயந்திரம் எழுதிக்கொள்ளும் சி பிளஸ் பிளஸ் கோப்புகள் சில உண்டு. மனிதர் எழுதாதவை, ஆகவே அளவுக்கு மீறி நீளமானவை. அவற்றில் நான்கைந்தை ஒரே நேரத்தில் கம்பைல் செய்தால் நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் கெர்னல் கம்பைலரின் கழுத்தைப் பிடித்துவிடும். சிசி1பிளஸ் கொல்லப்பட்டது என்று திரையில் வரும். கம்பைலரில் பிழை என்று பயப்பட வேண்டாம். வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பத்து ஜிபி காலி இடமும், சாதாரண மடிக்கணினி என்றால் சில மணி நேரப் பொறுமையும் வேண்டும்.

மொழிகளுக்கு வருகிறேன். மாணவி கேட்ட மூன்றும் சமர்த்து மொழிகள். ஃபோர்ட்ரான் முன்பகுதி சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது. ஃபோர்ட்ரான் கம்பைலர் கட்ட ஃபோர்ட்ரான் கம்பைலர் தேவையில்லை. அவருடைய வழிகாட்டி வந்து, "அடாவும் சேர்த்துவிடேன், பக்கத்து லேபில் கேட்கிறார்கள்" என்றால் நிலைமை மாறும். அடா முன்பகுதி அடாவிலேயே எழுதப்பட்டது. ஆக, அடா கம்பைலர் இல்லாமல் அடா கம்பைலர் கட்ட முடியாது. சென்ட்ஓஎஸ் 7 தரும் பழைய க்நாட்டும் புது ஜிசிசிக்குப் போதாது. 5ஆம் பதிப்பின் காலத்தைச் சேர்ந்ததாவது வேண்டும். எங்கிருந்தாவது கட்டி முடித்த க்நாட் ஒன்றைக் கொண்டுவந்துதான் தொடங்க வேண்டும். கான்ஃபிகருக்கு 'ஆல்' என்று சொன்னால் எல்லாம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது.

டி மொழி பிறகு இதே பாதைக்கு வந்தது. 2019இல் 9ஆம் பதிப்பில் சேர்ந்தபோது அதன் முன்பகுதி சி பிளஸ் பிளஸில் இருந்தது. 12ஆம் பதிப்பிலிருந்து டி-யிலேயே எழுதப்பட்டுவிட்டது. கையில் டி கம்பைலர் இல்லாதவர் என்ன செய்வது? 11ஆம் பதிப்பை முதலில் கட்டி, அதிலிருக்கும் டி-யை வைத்துப் புதியதைக் கட்ட வேண்டும். மாடுலா-2 இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தது. நிக்லாஸ் விர்த் உருவாக்கிய அந்த மொழி 2023இல் 13ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதன் கம்பைலரும் பெரும்பாலும் மாடுலா-2வில்தான் எழுதப்பட்டது. ஆனால் மாடுலா-2வை சி பிளஸ் பிளஸாக மாற்றித் தரும் ஒரு கருவி உண்டு. அந்தக் கருவியையே சி பிளஸ் பிளஸாக மாற்றி, அந்தப் பிரதியையும் சோர்ஸோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். உறவினர் வீட்டுக்குப் போகாமல் சொந்தச் சாப்பாட்டோடு வந்த விருந்தாளி. தன் மொழியிலேயே தன் கம்பைலரை எழுதுவது மொழியின் பெருமை என்பார்கள். இருக்கலாம். அந்தப் பெருமைக்கான விலையைக் கொடுப்பது கட்டுகிறவன்; மாடுலா-2 குழு அதை உணர்ந்து நடந்துகொண்டது என்பது என் கட்சி.

மற்ற மொழிகளை விடுங்கள், ஜிசிசியே தன் படிக்கட்டை உயர்த்திக்கொண்டே போகிறது. 4.7 வரை, 1989 தரத்து சி கம்பைலர் ஒன்று இருந்தால் கட்டிவிடலாம். 2013இல் வந்த 4.8 முதல் சி பிளஸ் பிளஸ் வேண்டும். 11ஆம் பதிப்பு முதல் அதில் 2011 தரம். 15ஆம் பதிப்பு முதல் 2014 தரம். மாணவி 14ஐத் தேர்ந்தெடுத்த காரணம் இப்போது புரிந்திருக்கும். 4.8.5இலிருந்து 14ஐ நேராகக் கட்டலாம். 15 வேண்டுமானால், 14ஐக் கட்டிவிட்டு அதிலிருந்து இன்னொரு தாவல்.

இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் எங்கே முடியும்? 4.8.5ஐக் கட்டியது அதற்கு முந்தையது. அதை இன்னும் முந்தையது. இந்த வம்சத்தில் யாராவது ஒருவர் நஞ்சு கலந்திருந்தால்? யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் இதைத்தான் கேட்டார். 1983க்கான டூரிங் விருதை டென்னிஸ் ரிச்சியோடு பகிர்ந்துகொண்டபோது, தன் ஏற்புரையை இதற்கே ஒதுக்கினார். லாகின் நிரலைக் கம்பைல் செய்யும்போது கள்ளக்கதவு ஒன்றைச் செருகும்படி கம்பைலரை மாற்றலாம். அந்தக் கம்பைலர் தன்னைத் தானே கம்பைல் செய்யும்போது இந்தத் தந்திரத்தையும் பிள்ளைக்குச் செருகிவிடும்படி செய்யலாம். பிறகு சோர்ஸிலிருந்து தடயத்தை அழித்துவிடலாம். சோர்ஸை வரிவரியாகப் படித்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் நஞ்சு தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டே இருக்கும். நாம் சற்றுமுன் மெச்சிய மூன்று கட்ட ஒப்பீடு இதைப் பிடிக்காது. இரண்டாம், மூன்றாம் பிள்ளைகள் இரண்டுமே ஒரே நஞ்சோடு அச்சாக இருக்கும்.

டேவிட் வீலர் இதற்கு ஒரு மருந்து சொன்னார். சந்தேகப்படும் கம்பைலரின் சோர்ஸை, அதோடு எந்த உறவும் இல்லாத வேறொரு கம்பைலரால் கட்டி, அப்படிக் கிடைத்ததால் மறுபடி கட்டி, விளைவைச் சந்தேகத்துக்குரிய அந்தக் கம்பைலரோடு ஒப்பிடுவது. வேறு சிலர் வேரிலிருந்தே தொடங்கினார்கள். க்னூ கீக்ஸ் குழு 2023இல் ஒரு சங்கிலியை முழுமையாக்கியது. அதன் முதல் கண்ணி 357 பைட் அளவே உள்ள ஒரு சின்ன நிரல். ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டாகச் சரிபார்க்க முடிகிற அளவு. அதிலிருந்து கொஞ்சம் பெரிய கருவி, அதிலிருந்து மெஸ் என்ற சிறிய சி கம்பைலர், பிறகு டைனிசிசி, பிறகு ஜிசிசி 2.95. இப்படிப் படியேறி இன்றைய ஜிசிசி வரை வந்து சேர்கிறது. 1999இன் அந்தப் பழைய பதிப்பு இன்றைக்கும் வேலை செய்கிறது. சி மட்டுமே கேட்ட காலத்தது என்பதால் அதற்கு இந்த மரியாதை.

மாணவியின் மேக் முடிந்துவிட்டது. மேக் இன்ஸ்டால் சில நிமிட வேலை. பாத்தில் புதிய பின் டைரக்டரியை முன்னால் சேர்த்தால், ஜிசிசி என்று கூப்பிட்டதும் புதியது பேசும். நிரலைக் கம்பைல் செய்கிறார். ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஓட்டினால், ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.33 கிடைக்கவில்லை என்கிறது. கம்பைலர் புதிது, ஆனால் ஓடும் நேரத்தில் சிஸ்டம் தேடிப்போவது பழைய இடத்திலிருக்கும் பழைய சி பிளஸ் பிளஸ் நூலகத்தை. 2004 முதல் அந்த நூலகக் கோப்பின் பெயரே மாறவில்லை. உள்ளே இருக்கும் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே வருகின்றன. பழையதில் 3.4.19 வரைதான் உண்டு. நூலகத் தேடல் பாதையில் புதிய லிப்64 டைரக்டரியைச் சேர்த்தால் தீர்ந்தது. இன்னும் நல்லது, லிங்க் செய்யும்போதே ஆர்பாத் கொடுத்து அந்த இடத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவது. இன்னொரு நாள் இன்னொரு டெர்மினலில் பாதையை அமைக்க மறந்தாலும் ஓடும். சிஸ்டத்தின் பழைய நூலகக் கோப்பின்மேல் புதியதைக் காப்பி செய்யும் யோசனை இணையத்தில் கிடைக்கும். பொதுச் சர்வரில் அதைச் செய்கிறவரை அட்மின் மன்னிக்க மாட்டார்.

கடைசியாக, பழைய கம்பைலருக்கும் புதியதற்கும் வித்தியாசம் பார்க்க நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் ஒரு சோதனை. சி நிரல் ஒன்றில் மாறிக்கு 'தொகை' என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். சி மொழியின் 1999 தரத்தின் பின்னிணைப்பிலேயே, பெயர்களில் வரலாம் என்று அனுமதிக்கப்பட்ட எழுத்துகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஆனால் 4.8.5இல் கொடுத்தால், நிரலில் வேண்டாத எழுத்து 340 என்று தொடங்கி, பைட்டுக்கு ஒரு புகாராக அடுக்கும். யூடிஎஃப்-8இல் 'தொகை' 12 பைட்; ஒவ்வொரு முறை அந்தப் பெயர் வரும்போதும் 12 புகார். யூடிஎஃப்-8 பெயர்களை ஜிசிசி நேரடியாக ஏற்றது 2020இல், 10ஆம் பதிப்பில்தான். மாணவி கட்டிய 14 மூச்சுவிடாமல் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு பொறி மட்டும் உண்டு. 'தொ' என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் யூனிகோடில் எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். கம்பைலருக்கு அவை இரு வேறு மாறிகள். மேலே அறிவித்த 'தொகை'யைக் கீழே காணோம் என்று அது சொல்லும்போது, கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையைக் காப்பி செய்து ஒட்டினால் இது நடக்க வாய்ப்பு அதிகம். பெயர் சீர்வடிவில் இல்லை என்று ஜிசிசி தானாகவே ஓர் எச்சரிக்கை தரும். எச்சரிக்கைகளை மொத்தமாக அணைத்துவிடும் பழக்கம் உள்ளவர்கள், தமிழில் பெயர் வைக்கும் நாளில் அதை மட்டுமாவது திறந்து வையுங்கள்.

கேள்விகளைக் கேட்கலாம், அடா பற்றிய கேள்வி இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.